அத்தையின் வயிற்றுக்குள் நடந்தது

என் மாமியார் கிருபைக்கும் எனக்கும் இருபது வருடமாக ஒரு வழக்கு. அவர் முப்பத்தெட்டு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் தூத்துக்குடியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். நோயாளிகளின் ரத்தத்திலும் சளியிலும் மலத்திலும் இருக்கும் கிருமிகளைத் தட்டில் வளர்த்து, எந்த மருந்துக்கு எது சாகும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. பெண் பார்க்கப் போன அன்று இதை விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப மலம் பாக்குற வேலைன்னு சொல்லுங்க" என்றார். அதன் பிறகும் பெண்ணைக் கொடுத்தார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வழக்கு இதுதான். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் உடனே மருந்து கொடுக்க வேண்டும் என்பது அத்தையின் கட்சி. என்ன கிருமி என்று பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. "நீங்க கிருமியை வளத்து, பேரு வச்சு, ஞானஸ்நானம் குடுத்து முடிக்கதுக்குள்ள ஆளு போயிருவான் மாப்பிள்ள" என்பார். அவருக்குத் தலை வலித்தாலும் தும்மல் வந்தாலும் ஆன்டிபயாட்டிக்தான். செஃபிக்சிம் என்ற மாத்திரை அவருக்கு அப்படி ஒரு செல்லம். கைப்பையில் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரும் அந்த மாத்திரை அட்டையும் எப்போதும் சேர்ந்தே இருக்கும். நானோ ஒன்பது வருடமாக ஒரு ஆன்டிபயாட்டிக்கும் தொட்டதில்லை. இதைச் சொல்லிக்காட்டாமல் நான் ஒரு கிறிஸ்துமஸும் கழித்ததில்லை.

இந்த வழக்கில் அவர் உயிரே பணயமாகும் என்று இருவருமே நினைக்கவில்லை.

போன ஆகஸ்டில் அத்தை ஊரில் அசனம் வந்தது. சாத்தான்குளத்துக்குத் தெற்கே, தேரி எனும் செம்மணல் மேட்டை ஒட்டிய சின்ன ஊர். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் வருடத்துக்கு ஒரு நாள் இந்த விருந்து நடக்கும். காணிக்கையாக வந்த ஆடும் அரிசியும் கத்திரிக்காயும் கோவில் வளாகத்திலேயே வெந்து, ஆராதனை முடிந்ததும் ஊர் முழுக்கப் பந்தியில் உட்காரும். யார் வந்தாலும் இலை உண்டு. சாப்பிட்டு முடித்தபின் வீட்டுக்கு ஒரு பங்கு சோறும் கறியும் வாளியிலோ தூக்குப் பாத்திரத்திலோ கொண்டுபோவார்கள். அதில் ஒரு பருக்கையைக் கூடக் கொட்டக் கூடாது. படைத்த சோறு அல்லவா! ஃப்ரிட்ஜில் வைத்தாலும் ருசி கெட்டுவிடும் என்பார்கள். ஆகவே அது தூக்கிலேயே மூடி இருக்கும். மறுநாள் மதியம் லேசாகச் சூடு காட்டிச் சாப்பிடுவார்கள். அசனக்கறி மறுநாள்தான் கறி என்று அத்தை சொல்லாத வருடமில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவி ஜாயும் பந்தியில் சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டு மாலையே தூத்துக்குடி மில்லர்புரத்து வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். அத்தை கையில் திணித்த தூக்கை, மறந்தது போல அவர் வீட்டு அடுக்களையிலேயே வைத்துவிட்டு வந்தேன். ஆகஸ்ட் வெயிலில் ஒரு நாள் மூடி வைத்த கறியில் என்ன வளரும் என்று எனக்குத் தெரியும். அதை அத்தையிடம் வாய் திறந்து சொல்லியிருக்கலாம். பண்டிகை நாளில் வம்பு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் அத்தை போன் செய்தார். ஜாய் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஊருக்கே வயித்தால போவுதுளா ஜாய். வாந்தியும் காய்ச்சலுமா கெடக்காவ. காலையிலருந்து நாப்பத்தி மூணு பேருக்கு மருந்து குடுத்திருக்கேன்."

"என்ன மருந்து அத்தை?" என்றேன் நான்.

"செஃபிக்சிம்தான் மாப்பிள்ள. ஆளுக்கு ஒண்ணு."

"ஒண்ணா?"

"கையில அம்புட்டுத்தான இருந்துச்சு? ஒருத்தருக்கு முழு அட்டையையும் குடுத்துட்டு மத்தவங்கள வெறுங்கையோட அனுப்ப முடியுமா? கறியில எல்லாருக்கும் பங்கு குடுத்தாச்சு, மருந்துல மட்டும் இல்லன்னு சொல்ல முடியுமா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு மாத்திரையில் வயிற்றிலுள்ள சாதுவான கிருமிகள் செத்து, முரட்டுக் கிருமிகளுக்கு இடம் காலியாகும். இந்த வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரே போதும். இப்படிக் கொடுப்பதும் விஷம் கொடுப்பதும் ஒன்று என்று கத்தினேன்.

"ஏளா ஜாய், மாப்பிள்ளைக்குக் காப்பி குடுத்தியா?" என்று கேட்டுவிட்டு அத்தை போனை வைத்தார்.

அந்த நாற்பத்து மூன்று பேரும் இரண்டு மூன்று நாளில் எழுந்துவிட்டார்கள். தண்ணீர் குடித்தே எழுந்திருப்பார்கள். பெயர் மாத்திரைக்குப் போயிற்று. எழாதவர் அத்தை ஒருவர்தான். அவருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை நோய். கருப்பட்டிக் காப்பி சர்க்கரையில் சேராது என்பது அவருடைய இன்னொரு மருத்துவம். நான் விட்டுவந்த தூக்கையும் சேர்த்து அவரே தீர்த்திருக்கிறார். தனக்கென்று மருந்துக் கடையில் இன்னோர் அட்டை வாங்கி, காலை மாலை தவறாமல் போட்டிருக்கிறார். வியாழக்கிழமை அடுப்படியில் மயங்கி விழுந்த பிறகுதான் பக்கத்து வீட்டார் எங்களுக்குச் சொன்னார்கள். ஜாய் காரில் போய் அழைத்துவந்தாள். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம்.

இப்படியாக, என் மாமியாரின் மலம் என் மேசைக்கு வந்தது. அவர் சொன்ன வேலையை அவருக்கே செய்யும் நாள் வந்துவிட்டது என்று ஜாயிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

நாங்கள் இதற்கு ஒரு சிவப்புத் தட்டு வைத்திருக்கிறோம். பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையின் சிவப்பு. அதில் நம் குடலில் எப்போதும் குடியிருக்கும் சாதாரணக் கிருமிகள், ஈ. கோலை என்பவை, மஞ்சளாக வளரும். கெட்டுப்போன உணவில் வரும் சால்மொனெல்லா வளர்ந்தால் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடலாம். வெள்ளிக்கிழமை அத்தையின் தட்டில் மஞ்சளும் கறுப்புப் பொட்டும் கலந்து கிடந்தன. அடுத்தது, பொட்டு வைத்ததை மட்டும் எடுத்து வேறொரு தட்டு முழுக்கப் பூசி, அதன்மேல் மருந்து தோய்த்த சின்னக் காகித வட்டங்களை வைப்பது. மருந்து கேட்டால் காகிதத்தைச் சுற்றி ஒன்றும் வளராமல் ஒரு வெறும் வளையம் விழும். சனிக்கிழமை காலை, அத்தைக்குப் போட்டுக்கொண்டிருந்த, செஃபிக்சிம் குடும்பத்தைச் சேர்ந்த செஃப்ட்ரியாக்ஸோன் ஊசிக்கு நல்ல அகலமான வளையம். ஸ்கேலை வைத்து இருமுறை அளந்தேன். மருந்து கேட்கும் என்று ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன்.

அன்று மாலை காய்ச்சல் இறங்கி எழுந்து உட்கார்ந்த அத்தை, ட்ரிப் போட வந்த பெண்ணுக்கு நரம்பு பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். என்னைப் பார்த்ததும், "என்ன மாப்பிள்ள, கிருமிக்குப் பேரு வச்சாச்சா?" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் முந்திரி மக்ரூன் இனிப்பு வாங்கினேன்.

ஞாயிறு மாலை குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் நூற்று மூன்றுக்குப் போனது. ரத்தம் எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். மலமும் மறுபடி வந்தது. டியூட்டியில் நான் இல்லை, ஆனாலும் போனேன். சிவப்புத் தட்டில் மலத்தைப் பூசும்போது கை சும்மா இருக்காமல் நடுவில் ஒரு செஃப்ட்ரியாக்ஸோன் காகிதத்தையும் வைத்தேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. இரண்டாவது மலத்தில் அதைப் பார்க்கிற வழக்கமும் எங்கள் லேபில் இல்லை. சனிக்கிழமை விழுந்த அந்த அகலமான வளையத்தை இன்னொரு தடவை பார்த்தால் மனதுக்குத் தெம்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

திங்கள் காலை ஏழரைக்கு இன்குபேட்டர் கதவைத் திறந்தேன். ரத்த பாட்டில் வைத்திருந்த எந்திரம் ஏற்கெனவே சிவப்பு விளக்கோடு கத்திக்கொண்டிருந்தது. கிருமி ரத்தத்துக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்பது மறுநாள்தான் தெரியும். நான் மலத் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.

வளையமே இல்லை. காகித வட்டத்தின் விளிம்பு வரைக்கும் மஞ்சள் முட்டிக்கொண்டு நின்றது. அது கூடப் பரவாயில்லை. நம் ஊரில் மருந்துக்கு மசியாத ஈ. கோலை தினமும் பார்ப்பதுதான். அந்த மஞ்சளுக்கு இடையில், மருந்தின் வாசலிலேயே, கறுப்புப் பொட்டுகள் இருந்தன. எண்ணினேன். ஒன்பது. சனிக்கிழமை இதே மருந்தைக் கண்டு இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி நின்ற கிருமி, இன்று காகிதத்தை உரசிக்கொண்டு வளர்ந்திருக்கிறது.

முதலில் எனக்கு வந்தது பயம். என்மேலேயே பயம். சனிக்கிழமை காகிதத்தை மாற்றி வைத்தேனா? வேறு யார் தட்டையோ அத்தை தட்டு என்று படித்தேனா? சொந்தக்காரர் என்றதும் கண் அவசரப்பட்டதா? இருபத்திரண்டு வருடத்தில் நான் கொடுத்த ஒரு ரிப்போர்ட்டும் தப்பென்று திரும்பியதில்லை. அந்த ஒன்று என் மாமியாருக்கா வர வேண்டும்? சனிக்கிழமைக் குறிப்பைப் புரட்டினேன். எல்லாம் சரியாக இருந்தது. அது என்னை இன்னும் பயமுறுத்தியது.

மைக்ரோபயாலஜி டாக்டர் ஜெயபிரியா வந்ததும் தட்டை நீட்டினேன். ஆற்றங்கரை நெல்வயல் ஊர்க்காரி. என்னைவிடப் பத்து வயது சின்னவர். என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"வாங்கிட்டுது அண்ணாச்சி" என்றார் மெதுவாக.

"என்னது மேடம்?"

"அத்தையோட ஈ. கோலைகிட்ட மருந்தை முறிக்கிற ஜீன் இருந்திருக்கு. ஒரு குட்டி டி.என்.ஏ. வளையத்துல தனியா வச்சிருக்கும். அதை சால்மொனெல்லா வாங்கிட்டுது. குடலுக்குள்ளயே."

பாடமாக நானும் படித்ததுதான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் நமக்குத் தெரிந்த ஒருவரின் வயிற்றுக்குள், வெள்ளிக்கும் ஞாயிற்றுக்கும் நடுவில் அது நடக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அவர் சுருக்கமாகச் சொன்னார். குடல் புண்ணாகி வீங்கும்போது சாதுக் கிருமிகள் பல செத்துப்போகும். இந்த இரண்டும் மட்டும் கோடிக்கணக்கில் பெருகி ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். அந்த நெருக்கத்தில் ஒன்று இன்னொன்றை மெல்லிய குழாய் நீட்டிப் பிடித்து, அந்த டி.என்.ஏ. வளையத்தின் நகலை உள்ளே அனுப்பும். மேலே நாம் ஊசி மருந்தை ஊற்றிக்கொண்டிருந்தோம். வாங்காதவை செத்தன, வாங்கியவை பெருகின.

வார்டுக்கு ஓடினோம். ஓடினோம் என்றால் நிஜமாகவே. ஜெயபிரியா மேடத்தின் துப்பட்டா லிஃப்ட் கதவில் மாட்டியது. அதை அவர் இழுத்துக் கிழித்துக்கொண்டே வந்தார். அத்தையின் ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. கண் பாதி திறந்திருந்தது. ஜாய் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வந்ததை அத்தை கவனிக்கவில்லை. ஒரு குத்தலாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன்.

வார்டு டாக்டர் விஜயராஜ் நல்ல மனிதர். ஆனால் எதற்கும் காகிதம் கேட்பவர். தட்டைப் பற்றிச் சொல்லி, மருந்தை மாற்றக் கேட்டோம்.

"சனிக்கிழமை கேக்கும்னு எழுதினது நீங்கதான? இன்னைக்கு கேக்காதுன்னு சொல்லுதீங்க. ரெண்டுல ஒண்ணுதான் சரியா இருக்க முடியும்."

"ரெண்டும் சரிதான் சார்."

"அதெப்படி நேசக்குமார்? நீங்க சொல்லுத மருந்து மெரோபெனம். எங்ககிட்ட இருக்குறதுலயே கடைசிப் பூட்டு அது. கிட்னி டெஸ்ட் அளவு வேற கொஞ்சம் ஏறியிருக்கு. நாளைக்கு ரத்தத்தோட ரிசல்ட் வந்துரும்லா? அதைப் பாத்துட்டு மாத்துவோம்."

"நாளைக்கு வரைக்கும் அத்தை இருக்கணுமே சார்."

சொன்ன பிறகுதான் ஜாய் பக்கத்தில் நிற்பது உறைத்தது. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. எனக்கு ஒரு வழி தெரிந்தது. சனிக்கிழமை ரிப்போர்ட் தவறு, என் கவனக்குறைவு என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். குடலுக்குள் ஜீன் கைமாறியது என்பதை நம்புவதைவிட, டெக்னீஷியன் தூங்கிவிட்டான் என்பதை நம்புவது எந்த டாக்டருக்கும் சுலபம். உடனே மருந்தை மாற்றிவிடுவார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டேன்.

"என் தப்புதான்னு எழுதித் தாறேன் சார். மருந்தை மாத்துங்க."

ஜெயபிரியா மேடம் என் கையைப் பிடித்துப் பேனாவை வாங்கிக்கொண்டார். "தப்பு நடக்கல. சனிக்கிழமை அது உண்மை, இன்னைக்கு இது உண்மை. நான் எழுதித் தாறேன் சார், என் பேர்ல" என்று அங்கேயே கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்திட்டார். விஜயராஜ் அதைப் படித்தார். அத்தையைப் பார்த்தார். பதினோரு மணிக்குப் புதிய மருந்து இறங்கத் தொடங்கியது.

அதற்குப் பிறகு செய்வதற்கு எனக்கு ஒன்றுமில்லை. சும்மா இருக்கவும் முடியவில்லை. லேபுக்கு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தேன். முதல் நாள் எடுத்த அத்தையின் சால்மொனெல்லா, மருந்துக்குப் பயந்த பழைய கிருமி, அங்கே சின்னக் குப்பியில் பத்திரமாக இருந்தது. திங்கள் தட்டிலிருந்து மஞ்சள் ஈ. கோலையைத் தொட்டெடுத்தேன். இரண்டையும் ஒரே ஊட்டக் கரைசலில் கலந்து மாலை வரை உடம்புச் சூட்டில் வைத்தேன். பிறகு மருந்து கலந்த மூன்று சிவப்புத் தட்டுகளை எடுத்துக்கொண்டேன். ஒன்றில் சால்மொனெல்லா மட்டும், ஒன்றில் ஈ. கோலை மட்டும், ஒன்றில் இரண்டும் கலந்ததைப் பூசினேன். அத்தையின் வயிற்றுக்குள் நடந்ததாகச் சொல்கிறார்களே, அது என் கண்முன் நடக்குமா என்று பார்க்க வேண்டும்.

ஒப்பிட ஒரு நல்ல வயிறும் வேண்டும் என்று தோன்றியது. ஒன்பது வருடமாக மாத்திரை தொடாத வயிறு என்னுடையது. என் மலத்தையும் ஒரு சிவப்புத் தட்டில் பூசி, நடுவில் மருந்துக் காகிதம் வைத்தேன். சுற்றி அழகான வளையம் விழும். அதைப் படமெடுத்து, அத்தை பிழைத்தெழுந்ததும் காட்ட வேண்டும் என்பது திட்டம். அவர் பிழைப்பார் என்று நினைத்துக்கொள்ள எனக்கும் ஏதாவது வேண்டியிருந்தது.

செவ்வாய் மதியம் தட்டுகளை வெளியே எடுத்தேன். சால்மொனெல்லா மட்டும் போட்ட தட்டு மொட்டையாக இருந்தது. ஒரு புள்ளி இல்லை. ஈ. கோலை தட்டு முழுக்க மஞ்சள். மூன்றாவதை ஜன்னலருகே கொண்டுபோனேன். உப்பு லாரிகள் துறைமுகம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தன, கண்ணாடி அதிர்ந்தது. மஞ்சளுக்கு நடுவே கறுப்புப் பொட்டுகள். பதினேழு.

என்ன சொல்ல! இருபத்திரண்டு வருடமாக இவற்றை நான் பெயர்களாகவும் எண்களாகவும் பார்த்திருக்கிறேன். எரித்திருக்கிறேன், பிளீச்சில் முக்கியிருக்கிறேன். இவை கண் இல்லாதவை, காது இல்லாதவை, மூளை என்று ஒரு துளி இல்லாதவை. ஒன்று கறியில் வந்த பரதேசி. மற்றொன்று பல வருடமாக அங்கேயே குடியிருந்தது. இரண்டுக்கும் சொந்தமில்லை, பந்தமில்லை. சாவு வந்து நின்றபோது ஒன்றிடம் இருந்தது மற்றொன்றிடம் போயிருக்கிறது; கொடுத்ததற்குக் கடுகளவும் குறையவில்லை. நேற்றுக் காலை இறந்துபோகக் கூடிய ஒரு கிருமி இன்று வேறொரு கிருமியாக நிற்கிறது. அது பெற்ற பிள்ளை இல்லை, அதுவேதான். மனிதன் ஒரு மருந்தைக் கண்டுபிடிக்கப் பத்து வருடம் ஆகும். இதற்கு ஒரு பகல் போதுமாக இருந்தது. என் மாமியாரைக் கொல்லப் பார்த்த விஷயம் அது என்று தெரிந்தும் என்னால் அதை வெறுக்க முடியவில்லை. லேபில் செருப்பைக் கழற்றக் கூடாது என்பது விதி. எனக்குக் கழற்ற வேண்டும் போலிருந்தது.

நாலாவது தட்டு ஞாபகம் வந்தது. எடுத்தேன். காகிதத்தின் விளிம்பு வரைக்கும் மஞ்சள்.

லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். என் கையெழுத்து, என் பெயர். ஜெயபிரியா மேடம் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இது யாரு?" என்றார். சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "மருந்து சாப்பிட்டாத்தான் வரணும்னு இல்ல அண்ணாச்சி. தண்ணி, கீரை, கோழி, கை. எனக்கும் இருக்கும்" என்றார். மறுநாள் என் மஞ்சளையும் அத்தையின் பழைய சால்மொனெல்லாவோடு கலந்து பார்த்தேன். வியாழக்கிழமை அந்தத் தட்டிலும் பொட்டுகள் வந்திருந்தன. அன்று அந்தத் தூக்கை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து தின்று, எனக்கும் அதே ஊசியைப் போட்டிருந்தால், அந்தக் கட்டிலில் நான் கிடந்திருப்பேன்.

ரத்தத்தில் இருந்த கிருமிக்கும் செஃப்ட்ரியாக்ஸோன் கேட்கவில்லை என்று செவ்வாய் மாலையே உறுதியாகிவிட்டது. விஜயராஜ் என் முதுகில் தட்டினார். புதன் பகலில் அத்தையின் காய்ச்சல் முதல் முறையாக நூற்றுக்குக் கீழே வந்தது. அன்று சாயங்காலம் ஜாய் வார்டு வராந்தாவில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். அதுவரை அவள் அழவில்லை.

வியாழன் சாயங்காலம் நான் போனபோது அத்தை தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது, குரல் மட்டும் திரும்பிவிட்டது.

"ஜாய் எல்லாம் சொன்னா. எழுதித் தாறேன்னு பேனாவை எடுத்தியளாமே."

"மேடம் வாங்கிட்டாங்க."

"ம்." கஞ்சிக் கிண்ணத்தை வைத்தார். "அந்த மலம் பாக்குற வேலையில என்ன பாத்தியன்னு காட்டுங்க. எனக்கும் தெரியட்டும்."

போனை எடுத்து முதல் படத்தைக் காட்டினேன். மொட்டைத் தட்டு. இரண்டாவது, மஞ்சள். மூன்றாவது, மஞ்சளும் பொட்டும். ஒவ்வொன்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். நர்ஸ் அல்லவா, நான் முடிக்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது.

"கறியில வந்தது கறுப்பு மட்டும்தான?"

"ஆமா அத்தை."

"மஞ்ச?"

"உங்க வயித்துல இருந்தது."

"எவ்வளவு நாளா?"

"தெரியல. வருஷக்கணக்காவும் இருக்கலாம்."

"எனக்குள்ளயே இருந்துக்கிட்டு, என்னையே கொல்ல வந்தவனுக்கு…"

"அதுக்கு நீங்க யாருன்னு தெரியாது அத்தை. பக்கத்துல நின்னதை மட்டும்தான் தெரியும்."

அவர் மூன்றாவது படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பொட்டுகளை எண்ணினார் என்று நினைக்கிறேன், உதடு அசைந்தது. "எப்படிக் குடுத்திருக்கு பாருங்க" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை. எனக்கு ஜன்னலருகே வந்த வியப்பே அவருக்கும் வந்தது. பிறகு அவர் கண்ணில் நீர் கட்டியது.

"நானும் குடுத்தேனே மாப்பிள்ள. செல்லக்கிளிக்கு, அவ மவனுக்கு, ஞானையாவுக்கு. ஆளுக்கு ஒண்ணு. நல்லதுன்னு நெனச்சுல்லா குடுத்தேன். நாப்பத்தி மூணு வயித்துலயும் சாதுவைக் கொன்னு இந்த மஞ்சளுக்கு இடம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

இருபது வருட வழக்கில் எனக்குத் தீர்ப்பு கிடைத்துவிட்டது. ஜெயித்தவன் நான். போனைப் பையில் போட்டுக்கொண்டு, சரி அத்தை, இனிமேல் பார்த்துக் கொடுங்கள் என்று பெருந்தன்மையாக எழுந்திருக்கலாம். அப்படிச் செய்ய எனக்கு ஆசை இல்லாமலில்லை. நாலாவது படத்துக்கு விரலை நகர்த்தினேன்.

"இது யாருது?" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இதுலயும் மஞ்ச ஒட்டிக்கிட்டு நிக்கே."

"என்னுது அத்தை."

"நீங்கதான் மாத்திரையே தொட மாட்டியளே?"

"தொடல."

படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் குடும்பங்களில் மாமியார் மாப்பிள்ளையைத் தொடுவதில்லை. தட்டைக் கூட மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார்கள். அத்தை ட்ரிப் ஊசி ஒட்டியிருந்த கையைத் தூக்கி, "இங்கன பக்கத்துல வாங்க" என்றார். போனேன். சட்டையின் மேலாகவே என் வயிற்றில் உள்ளங்கையை வைத்தார். முப்பத்தெட்டு வருடம் வார்டுகளில் அழுத்திய கை; வலது பக்கம் அழுத்தியது, இடது பக்கம் அழுத்தியது.

"வலிக்கா?"

"இல்ல அத்தை."

"காய்ச்சல்?"

"இல்ல."

"வயித்தால போவுதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

கையை எடுக்கவில்லை. அது சூடாக அங்கேயே இருந்தது.

"அப்ப ஒரு மாத்திரையும் போட்டுராதீங்க மாப்பிள்ள" என்றார். "எனக்குப் பயமா இருக்கு."